மார்ச் மாதத்து மாடு

கோப்பில் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும்: வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட, "உப்பு இருப்பில் இல்லாத நிலை கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது" என்றுதான் சொல்ல வரும். உங்களில் யாராவது மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குப்பை கொட்டியிருந்தால் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சு விடுவீர்கள். நான் குப்பை கொட்டியது டெல்லியில், கிராமத்து ஏழ்மையைப் போக்கத் திட்டம் தீட்டும் ஒரு பிரிவில். அமைச்சகத்தின் பெயர் வேண்டாம். எந்த அமைச்சகமானாலும் மேஜையும் தூசியும் ஒன்றுதான். ஆசிய விளையாட்டுக்காக ஊர் முழுக்க மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. என் பதவிக்குப் பெயர் உதவியாளர். யாருக்கு உதவி என்று என்னைக் கேட்காதீர்கள். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பச்சைத் தாள்

எங்கள் பிரிவில் எல்லா யோசனையும் பச்சைத் தாளில்தான் பிறக்கும். முதலில் நான் எழுத வேண்டும். எனக்கு மேலே செக்ஷன் ஆபீசர், அவருக்கு மேலே அண்டர் செக்ரட்டரி, அவருக்கு மேலே கார் வைத்திருக்கும் பெரியவர்கள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு மேலே தள்ளுவார்கள். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று எழுதுகிற வழக்கம் கிடையாது. ஓரத்தில் "பேசவும்" என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுவார்கள். பேசலாம் என்று போனால் ஐயாவுக்கு மீட்டிங் இருக்கும். போகாமல் விட்டால் கோப்பு அலமாரியில் படுத்துக்கொள்ளும். இதை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அனுபவிக்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

எங்கள் அண்டர் செக்ரட்டரி தஹியா, அரியானாக்காரர். ஊரில் எருமை கட்டியிருக்கும் குடும்பம். மதியச் சாப்பாட்டுக்குத் தூக்கில் மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவார். கறவை மாடு திட்டம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. புது விதையும் உரமும் வந்து விளைச்சல் பெருகியதில், கிணறும் வாய்க்காலும் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வானம் பார்த்த பூமியை வைத்திருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கும் நிலமே இல்லாதவர்களுக்கும் அரசாங்கச் செலவில் ஆளுக்கொரு கறவை மாடு என்பது திட்டம். நல்ல யோசனை என்று நான் மனதார நம்பினேன், இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் யார் ஏழை என்று வரையறுப்பதற்குள் மழைக்காலம் போய்க் குளிர்காலம் வந்துவிட்டது. சைக்கிள் வைத்திருப்பவன் ஏழையா, ரேடியோ இருந்தால் தள்ளுபடியா என்று கோப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் தஹியா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மிஸஸ் சுந்தரம், ஏழை யாரென்று நமக்குத்தான் இத்தனை சந்தேகம். கிராமத்துத் தெருநாயைக் கேளுங்கள், எந்த வீட்டு வாசலில் நின்றால் சோறு கிடைக்காது என்று அதற்குத் தெரியும்."

பூட்டிய வீடு

நாங்கள் குடியிருந்தது சேவா நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். நாலா என்கிற பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம், நம்மூர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப். அங்கிருந்து பச்சையம்மா தினமும் காலையில் பாத்திரம் தேய்க்க வருவாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மழை தொடர்ந்து பொய்த்ததும் அவளும் புருஷன் கொளஞ்சியும் டெல்லிக்கு ரயிலேறிவிட்டார்கள். கொளஞ்சிக்கு மேம்பாலத்தில் சிமெண்டுக் கலவை சுமக்கும் வேலை. மகள் மல்லிகாவை மட்டும் ஊரில் கொளஞ்சியின் அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள். கேம்ப்பில் ஒரு மழைக்கு நாலா வீட்டுக்குள் வரும், அங்கே பெண் குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர்கள் கவலை. பச்சையம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் வீட்டில் தன் மகளோடு இருக்க வேண்டும். அதற்கு அங்கே ஒரு பிழைப்பு வேண்டும்.

ஒரு காலையில் வந்தவள் வேலையைத் தொடாமல் நின்றாள். "அக்கா, நீங்க மாடு குடுக்கற ஆபீசாமே?" என்றாள். ஊருக்குப் போய்விட்டு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளோட்டமாகச் சில ஊர்களில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய ஊருக்கும் ஆள் வந்திருக்கிறது. வீடு வீடாகப் பார்த்தவர், அவள் வீடு பூட்டியிருந்ததால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். விதி அப்படித்தான் இருந்தது. ஊரில் வசிக்கும் குடும்பம் என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் குரலில் அவள் கேட்டாள்: "ஊட்ல குந்திக்கிட்டு இருந்தா பட்டினி. பூட்டிட்டுப் பொழைக்க வந்தா ஏழ இல்லன்றாங்க. அப்ப ஏழன்னா யாருக்கா?"

ஒரு வரி

அன்றைக்கே பச்சைத் தாளில் ஒரு வரி எழுதினேன். பிழைப்புக்காகத் தற்காலிகமாக வெளியே போன குடும்பங்களையும், ஊரார் சாட்சி சொன்னால், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கோப்பு போன வேகத்தில் திரும்பியது. ஓரத்தில் "பேசவும்". நான் விடவில்லை, போனேன். தஹியாவுக்கு அந்த வரி பிடித்திருந்தது. ஆனால் மேலே இருந்தவர்களுக்கு ஒரு சந்தேகம். டெல்லிக் குடிசையில் இருக்கிறவள் நகரத்து ஏழை அல்லவா? நகரத்து ஏழைகள் வேறு அமைச்சகம் அல்லவா? அவர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

கலந்தாலோசித்தோம். அந்த அமைச்சகம் நிதானமாக யோசித்துப் பதில் அனுப்பியது: மேற்படி குடும்பங்கள் அடிப்படையில் கிராமத்தைச் சேர்ந்தவை, ஆகவே தங்களுக்கு இதில் கருத்து ஏதுமில்லை. ஆக, எங்களுக்கு அவள் டெல்லிக்காரி, அவர்களுக்கு அவள் கள்ளக்குறிச்சிக்காரி. பக்கத்து மேஜை சர்மாஜி, ஓய்வு பெறப்போகிற மூத்த உதவியாளர், வெற்றிலைப் பீடாவை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பதிலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எனக்கு ஆலோசனை சொன்னார்: "பஹன்ஜி, உங்கள் ஆளை ரயிலிலேயே குடியிருக்கச் சொல்லிவிடுங்கள். ரயிலுக்குத்தான் தனி அமைச்சகம் இருக்கிறதே."

குளிர்சாதன மண்டபம்

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. விவசாயம் வளர்ந்தால் வறுமை தானாகக் கரையுமா, அல்லது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டுமா என்பது தலைப்பு. டிசம்பர் குளிரில் எதற்குக் குளிர்சாதனம் என்று கேட்காதீர்கள், மண்டபத்தோடு சேர்த்து வாடகைக்கு வந்தது. நான் கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழே வளம் சொட்டும் என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். சொட்டவில்லை என்று இன்னொருவர் வேறு படம் போட்டார். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

வெளிநாட்டு நிபுணர் ஒருவர், கதர்க் குர்தா போட்ட வெள்ளைக்காரர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிழைக்க வழியில்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களை உங்கள் கணக்கெடுப்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? தஹியா மெதுவாக எழுந்து, அதற்கான வரி ஏற்கெனவே பரிசீலனையில் இருக்கிறது என்றார். முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாம் தாங்களே எழுதியது போலத் தலையாட்டினார்கள். சில நாளில் கோப்பு எல்லாக் கையெழுத்துகளோடும் இறங்கி வந்தது. யாரும் "பேசவும்" என்று எழுதவில்லை. யார் சொல்லி நடந்தால் என்ன, எனக்கு வெட்கமில்லாத சந்தோஷம். வீட்டுக்குப் போய்ப் பச்சையம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க ஊட்டுப் பூட்டு அந்த வெள்ளக்காரரு கண்ணுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சிது?"

நிதியாண்டு

மறுபடி கணக்கெடுத்தார்கள். கொளஞ்சியின் அண்ணன் சாட்சி சொல்லி, பச்சையம்மாவின் பெயர் சேர்ந்துவிட்டது. இனி மாடுதான் பாக்கி. ஆனால் பணம் ஒதுக்கும் கோப்பு நிதிக்காரர்களிடம் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து வரும்போது மார்ச் மாதம் பிறந்திருந்தது. மார்ச் கடைசித் தேதிக்குள் செலவழியாத பணம் செத்த பணம், அடுத்த வருட ஒதுக்கீட்டில் அந்த அளவுக்கு வெட்டிவிடுவார்கள். நீங்களும் இந்த மார்ச் மாதத்தை அனுபவித்திருப்பீர்கள். வருடமெல்லாம் நாற்காலி கேட்டால் இல்லை என்பார்கள், மார்ச்சில் ஆளுக்கு இரண்டு நாற்காலி வரும். நாற்காலி பரவாயில்லை, அதற்குத் தீனி வேண்டாம். இங்கே வாங்க வேண்டியது மாடு. எல்லா மாநிலமும் ஒரே மாதத்தில் சந்தைக்கு இறங்கும். தரகர்கள் கழித்துக்கட்ட நினைத்த மாடெல்லாம் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டு வந்து நிற்கும். தெற்கே மானாவாரிச் சீமையில் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், மழை பெய்கிறவரை ஒரு பச்சை கிடையாது.

வறண்ட வட்டாரங்களில் மழைக்குப் பிறகு மாடு வாங்க அனுமதிக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். "பேசவும்" என்று வந்தது. இந்த முறை மீட்டிங் எதுவும் இல்லை, தஹியா எனக்காகக் காத்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மோர்த் தூக்கு திறக்கப்படாமல் மேஜையில் இருந்தது. அவர் அறியாததை நான் எதுவும் எழுதவில்லை, அதுதான் எனக்கு அதிக வருத்தம். ஒருவரும் முட்டாள் இல்லாத அலுவலகத்தில் முட்டாள்தனம் எப்படி நடக்கிறது என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்: "இந்த மாதத்தில் மாடு வாங்கக் கூடாது என்று எங்கள் வீட்டு எருமைக்கே தெரியும். மழைக்குப் பிறகு வாங்கலாம் என்று நான் எழுதினால், மழைக்குப் பிறகு பணம் இருக்காது. நீங்களே சொல்லுங்கள் மிஸஸ் சுந்தரம், தப்பான மாதத்தில் ஒரு மாடு கொடுப்பதா, சரியான மாதத்தில் வெறுங்கையை விரிப்பதா?"

மணி

ஊரிலிருந்து தகவல் வந்தது, நேரில் வந்து மாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று. கொளஞ்சி பாலத்து மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டான். கடைசி நாளிலும் பச்சையம்மா வேலைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு துணிப்பொட்டலம். பிரித்துக் காட்டினாள். போகல் கடைத்தெருவில் வாங்கிய பித்தளை மணி, மாட்டின் கழுத்தில் கட்ட. ஆட்டிக் காட்டினாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மழை பெய்ய இன்னும் நாளாகும் பச்சையம்மா. தீனிக்கு என்ன செய்வே? கொஞ்சம் யோசிச்சிக்க" என்றேன். அவளுக்கு அது புதிய செய்தி அல்ல. "தெரியும்க்கா. குடுக்கறப்பவே வாங்கிக்கணும். அப்பறமா போயி நின்னா குடுப்பாங்களா?" என்றாள். தஹியா கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன அதே கணக்கு. மல்லிகாவுக்கு என்று என் மகளின் பாவாடையும் ரிப்பனும் எடுத்துக் கொடுத்தேன். ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "இனிமே நானே அவளுக்குத் தல வாரி உடுவேன்க்கா. அவங்க பெரியம்மா வெடுக்கு வெடுக்குன்னு இழுத்து வாருதாம், புள்ள அழுவுது."

தண்ணீர் இருக்கிற வீடு

ஜூன் மாதம், லூ காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பச்சையம்மா நின்றிருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. நான் ஊர்ப் பேச்சில், "எப்ப வந்தே? உள்ள வா, முதல்ல தண்ணி குடி" என்றேன். அவள் குடித்துவிட்டு, "கோட்டிக்கு வேற ஆளு வச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். வேலை பார்க்கும் வீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் டெல்லிப் பெயர் கோட்டி. வைக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

மாடு முதலில் நன்றாகவே கறந்திருக்கிறது. மல்லிகாவுக்குத் தினம் ஒரு டம்ளர் பால் கொடுத்திருக்கிறாள், மீதியைச் சொசைட்டியில் ஊற்றியிருக்கிறாள். சித்திரை வெயிலில் ஊர்க் குட்டை வற்றியது. ஊரில் எல்லா ஏழைகள் வீட்டிலும் ஒரே நேரத்தில் மாடு வந்திருந்ததால் வைக்கோல் விலை எங்கேயோ போய்விட்டது. வேப்பந்தழை, புளியந்தழை என்று ஒடித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பால் நின்றது. பிறகு மாடு எழுந்திருக்கவே யோசித்தது. கண்ணெதிரே சாகவிட மனம் வராமல், பம்புசெட்டுக் கிணறு வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மணியைக் கழற்றிக்கொள்கிறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். மாட்டோடு சேர்ந்ததுதான் மணி என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கணக்கெடுத்தவர் மேலா, நிதிக்காரர் மேலா, கிணற்றுக்காரர் மேலா? ஒருவரும் சட்டத்துக்குப் புறம்பாக ஒன்றும் செய்யவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி பச்சையம்மா சொன்னாள்: "மாடு நல்லாத்தான்க்கா இருக்குது. பசும்புல்லு திங்கிது. தண்ணி இருக்கற ஊட்டுக்குப் போயிடுச்சி."

சாதனை

அதே வாரம் வருடாந்திர அறிக்கை அச்சகத்திலிருந்து பிழை திருத்த வந்தது. திட்டத்தால் வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்கள் என்று ஒரு தலைப்பு. மாடு வாங்கிய குடும்பம் ஒவ்வொன்றும் தாண்டிவிட்டதாகவே அதில் வரும். ஒரு மாடு வருடம் முழுக்க இவ்வளவு கறக்கும், பால் இந்த விலைக்குப் போகும் என்று முன்பே பெருக்கி வைத்திருந்தோம். கயிற்றைக் கையில் கொடுத்த நிமிடமே ஏழை கோட்டுக்கு அந்தப் பக்கம். மாடு அடுத்த மாதம் எங்கே நிற்கிறது என்று கேட்க அறிக்கையில் இடமில்லை. அச்சுப்பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் வேதனை.

தாளை எடுத்துக்கொண்டு தஹியாவிடம் போனேன். பச்சையம்மாவின் கதையை, மணி உட்பட, சொன்னேன். அவர் ஒரு பச்சைத் தாளை எடுத்தார். அண்டர் செக்ரட்டரி தானே முதல் குறிப்பு எழுதுவது வழக்கமில்லை. அவர் எழுதினார். முதலில் தண்ணீர், பிறகு தீவனம், கடைசியில் மாடு, அதுவும் மழைக்குப் பிறகு. செலவழியாத பணத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். அழகான கையெழுத்து. அறிக்கை அச்சானபடியே வெளியானது, குறிப்பு மட்டும் சீக்கிரமே இறங்கி வந்தது. ஓரத்தைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இந்த முறை நான்தான் போய்ப் பேச வேண்டும்" என்றார். போனார். ஐயாவுக்கு மீட்டிங் இருந்தது.

நடந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலையில் அடுப்படியில் நின்றிருந்தேன். பச்சையம்மா குழாயடியில் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து நான் கேட்கப் பயந்த கேள்வியை அன்றைக்குக் கேட்டேன், மல்லிகா எங்கே என்று. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "பெரியம்மா ஊட்லதான் உட்டுட்டு வந்தேன். இந்தத் தபா அவ அழுவலக்கா."

வறுமைக் கோட்டைத் தாண்டிவிட்டதாக அரசாங்கம் அச்சடித்துச் சொன்ன அத்தனை குடும்பங்களில் ஒன்று எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் யாரையும் கேட்காமலே அறிந்திருந்தேன். தினமும் காலையில் அதுவே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டியது.